நேர்ந்தவர் தலை

இஞ்சாருங்கோ,

கோயில் நாளென்றபடியால் மீன் இல்லை. புட்டும் சம்பலும் மேசையில் மூடியிருக்கிறது. விரல் நுனிகள் இன்னும் மரத்துக் கிடப்பதால், தேங்காயோடு விரலையும் கொஞ்சம் திருவிவிட்டேன். பயப்படாதீர்கள், உங்கள் பங்கில் இரத்தம் இல்லை.

பத்து மணிக்கு உங்கள் அக்கா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வருவா. நான் ரயிலில் கல்கிசைக்குப் போய்விட்டேன் என்று சொல்லுங்கள். கடற்கரையில் யாரும் என்னை விசாரிக்க மாட்டார்கள்.

எனக்குப் புற்றுநோய் சுகமானால் என் முடியை இறக்குவதாக, என்னைக் கேளாமலே நேர்ந்த பெரிய மனிதர் நீங்கள். கீமோ அதை ஒருதரம் இறக்கியதைக் கண்ணால் கண்டும் உங்களுக்குப் போதவில்லை. ஏழு மாதத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது. அதைத் தரமாட்டேன்.

நேற்றுக் கேட்டீர்கள்: "எல்லாம் முடிஞ்சுதுதானே, இன்னும் ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறீர்?" மார்பு எடுத்த இடம் இழுக்கிறது. குளிசையை விழுங்கினால் உடம்பு கொதிக்கிறது. காலையில் எழும்ப மனம் வருவதில்லை. இதெல்லாம் விளங்குமென்று உங்களிடம் நான் எதிர்பார்க்கவுமில்லை.

ஐயரிடம் ஃபோனில் கேட்டேன். நேர்ந்தவரே முடி கொடுக்கலாமாம். மாதாமாதம் டை அடிக்கிற உங்கள் தலையைக் கொண்டுபோங்கள்.

வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

மைதிலி

பி.கு. என் கீமோத் தொப்பி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மழித்த அன்றைக்குத் தலை நன்றாகக் குளிரும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.