அப்பாவின் நாற்காலியில் சிவப்புப் பெயிண்ட்

மால்டா, ஜூலை 25

அன்பு மகள் லொரேட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே. மெல்போர்ன் குளிரில் நீயும் மருமகனும் நெஞ்சை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொன்னால் தெருவுக்கே கேட்டுவிடும், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

இந்தத் திருவிழாவில் அப்பாவின் நீலச் சங்கத்துப் பேண்டு வாத்தியக்காரர்கள் அவர் நினைவாக நம் வாசலில் நின்று வாசிப்பார்கள் என்றும், தலைவர் பெர்த்து உள்ளே வந்து அப்பாவின் தோல் நாற்காலியில் உட்கார்ந்து ஒயின் குடிப்பார் என்றும் சொல்லியனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைப் பின்முற்றத்து நிழலில் காற்றாடப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போனேன். மறுநாள் காலையில் பார்த்தால் கையிலும் இருக்கையிலும் சிவப்புப் பெயிண்ட், சொட்டுச் சொட்டாக, கல்லாய்க் காய்ந்து! பக்கத்து வீட்டு நெனு மொட்டைமாடியில் நமக்குப் போட்டியான தங்கள் சிவப்புச் சங்கத்துக் கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான். நீலத் தலைவர் சிவப்பின் மேல் உட்கார்ந்தால் அடுத்த திருவிழா வரைக்கும் ஊர் சிரிக்காதா? கூப்பிட்டேன். அண்ணி, உங்க நாற்காலியும் எங்க கட்சிக்கு வந்துடுச்சே என்று இளித்துக்கொண்டு தின்னர் டப்பாவோடு வருகிறான். அதைத் திறந்தால் தோலின் நிறமே போய்விடும், உன் கையை முறித்துவிடுவேன் என்றேன். மடத்துப் பள்ளியில் படித்த காலத்தில் சிஸ்டர் பெனிக்னா, ஜெபத்துக்கு முழங்காலிடும் தோல் மெத்தைகளை எங்களைத்தானே துடைக்க வைப்பார்! ஆலிவ் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நாற்காலியைக் கவிழ்க்கச் சொன்னேன். இருக்கையின் அடிவிளிம்பில் ஒரு கட்டைவிரல் பதிவு, சிவப்பில். அதுவும் பழைய சிவப்பு.

அடியிலுமா பூசினாய் என்று கேட்டேன். நெனுவின் முகம் அந்தப் பெயிண்ட் மாதிரியே ஆகிவிட்டது. கோவிச்சுக்காதீங்க அண்ணி, ஏணியில ஏறினா எனக்குத் தலை சுத்தும், வருஷா வருஷம் நீங்க பூசைக்குப் போனதும் அண்ணன்தான் வந்து அடிச்சுக் குடுப்பாரு, உன் அண்ணிக்குத் தெரிஞ்சா ரெண்டு சங்கமும் சேர்ந்து என்னைப் புதைச்சிடும்டான்னு சொல்வாரு என்றான். இந்த வருஷம் ஏற ஆளில்லாமல், நீளக் கழியில் பிரஷ்ஷைக் கட்டி அடித்தானாம், அதுதான் சொட்டியிருக்கிறது. லொரேட்டா, உன் அப்பா! நீல டை கட்டாமல் தேவாலயப் படி ஏறாத மனிதர்! கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகையும் வந்தது, பாவம் நெனு எதைத் துடைப்பது என்று தெரியாமல் பஞ்சோடு நின்றான்.

எண்ணெய் ஊற ஊறப் பெயிண்ட் இளகியது. பழைய பிளாஸ்டிக் அட்டையால் கீறாமல் மெல்ல வழித்தோம், மறுபடி எண்ணெய், மறுபடி வழிப்பு, கடைசியில் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, காய்ந்ததும் தோலுக்கான கிரீம். மேலே ஒரு பொட்டு இல்லை. அடியையும் முடிச்சிடவா அண்ணி என்று நெனு குனிந்தான், பஞ்சைப் பிடுங்கிக்கொண்டேன்.

நேற்று மாலை வாத்தியம் முழங்க பெர்த்து வந்து உட்கார்ந்தார். சல்வினு மாதிரி கலப்பில்லாத நீலம் இந்த ஊர்ல இனிமே பொறக்காது என்று உன் அப்பாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கிண்ணத்தை நிரப்பினேன். மொட்டைமாடியில் நெனுவுக்கு அடக்க முடியாத இருமல்.

புனித அன்னம்மாள் உங்கள் இருவரையும் காப்பாளாக. உன் சோபாவில் எது கொட்டினாலும் தின்னர் பக்கம் போகாதே. இதை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டாதே, அவர் நீலச் சங்கத்துச் செயலாளர். நான் போனபின் இந்த நாற்காலி உனக்கு வரும். மேலே எவ்வளவு வேண்டுமானாலும் துடை, அடியில் மட்டும் கை வைக்காதே.

உன் அம்மா,
எர்மெலிந்தா