அப்பா மலையேறிய நாள்

என் ஆசை அம்மாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் இதை யார் வாசித்துக் காட்டுவார்களோ தெரியவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா பேசிவிட்டார் அம்மா.

நீ போன பிறகு சாணார்பட்டித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நாகல் நகரில் என் வீட்டுக்கு வந்தார். வைத்ததைச் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டால் வருவார். எது கேட்டாலும் "ம்" என்பார். உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் நாங்களும் உன்னைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். ஒரே வீட்டுக்குள் உன்னை ஒளித்து வைத்துக்கொண்டு நடமாடுவது எவ்வளவு பாரம் தெரியுமா?

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன், அப்பாவுக்கும் எனக்கும் மட்டும். முந்தின நாளே மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிட்டு, காலையில் ஏறி சாயங்காலம் இறங்கிவிடுவதாகத் திட்டம். "வர்றீங்களாப்பா?" என்று கேட்டேன். அதற்கும் "ம்" தான்.

நம் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் தூரத்தில் ஒரு மலை நிற்கும். ஆனால் மலைக்குள்ளேயே போய் நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புகள். அதைத் தாண்டியதும் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக ஓர் இரும்புப் பட்டை. அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது.

ஒரு பாலத்தில் போகும்போது குனிந்து பார்த்தேன். மரங்களின் உச்சிதான் தெரிந்தது, அடி தெரியவில்லை. எதிரே பாறை நேராக எழும்பிப் போய் மேகத்துக்குள் மறைந்தது. அதன் மேல் வெள்ளைக் கோடு கிழித்தது போல ஓர் அருவி, சத்தமே கேட்காத தூரத்தில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், அப்பா மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கூட்டி வந்து வதைக்கிறேனோ என்று இருந்தது.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில், ஒரு வளைவில் வண்டி நின்றது. பெட்டியின் முன்னால் கொடியோடு நிற்கிற ரயில்வே ஊழியர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, யாரும் எறங்கீராதீங்க. யானைங்க நிக்குது. சத்தம் போடாம உக்காந்திருங்க."

இரண்டு பெரிய யானைகள் தண்டவாளத்தைக் கடந்துவிட்டன. குட்டி ஒன்று மட்டும் மேட்டில் ஏற முடியாமல் சரிந்து சரிந்து விழுந்தது. தாய் திரும்பி வந்தது. துதிக்கையைக் குட்டியின் அடியில் கொடுத்து மெல்ல மேலே தள்ளியது. பிறகு அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது. அதன் பின்னால் மலை முழுக்கப் பனியிலிருந்து மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியில் இத்தனை பேர் இருந்தும் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. போனைத் தூக்கியவர்கள்கூடக் கீழே இறக்கிவிட்டார்கள். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு முன்னால் நின்றபோதுகூட நான் அப்படி மெய்மறந்ததில்லை, மன்னித்துக்கொள்.

அப்பா எழுந்து ஜன்னலைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"தாயி."

"சொல்லுங்கப்பா."

"உங்கம்மாவக் கூட்டியாந்திருக்கலாம் தாயி."

வண்டி நகர்ந்த பிறகு அவரே பேசினார்.

"கல்யாணம் ஆன புதுசுல கொடைக்கானல் பஸ்ஸுல ஏறுனோம். நாலு வளைவு தாண்டல, ஒரே வாந்தி. பாதியில எறங்கி ஒரு பாறையில உக்கார வச்சேன். 'எனக்கு மலை ஆகாது, நீங்க போயிட்டு வாங்க'ன்னா. அவள விட்டுட்டு நா எங்க போக? அடுத்த பஸ்ஸுல கீழ வந்துட்டோம். அதுக்கப்பறம் நானும் எந்த மலைக்கும் போகல."

"எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்லையேப்பா."

"அவளுக்கு வெக்கமா இருக்கும்ல." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பஸ்ஸுதான அவளுக்கு ஆகல. இது எம்புட்டு மெதுவாப் போகுது. ரயில்ல கூட்டியாரணும்னு எனக்குத் தோணாமப் போச்சே தாயி."

அழுதார் அம்மா. உன் அடக்கத்தன்று அழாதவர், முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் அழுதார். எதிரே இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் தன் ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். குன்னூர் வரும்வரை அவர் மலையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ரயில் என்றால் உனக்கு ஒன்றும் செய்திருக்காதுதானே?

இப்போது வீட்டில் ஓயாமல் உன் பேச்சுதான். நேற்று என் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உங்கம்மா இம்புட்டு மொளகா போடமாட்டா" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. சோற்றில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டேன்.

இனி உன்னை யாரிடமும் ஒளித்து வைக்க மாட்டேன் அம்மா, இது சத்தியம். என் பிள்ளைகளுக்கு நீ பஸ்ஸில் வாந்தியெடுத்த கதையையும் சொல்லத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்
உன் மூத்த மகள்,
ரோஸ்லின்