பதினோரு மணிக்கு வருகிறவள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. அடுப்பைத் தொட வேண்டாம்.

பதினோரு மணிக்கு உங்கள் ஆபீஸ் தோழி வருவாள், உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட கட்டட வரைபடங்களில் என்றைக்கு என்ன தப்பு வந்தது என்று ஒன்றரை வருடமாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாளாம். டாக்டர் அதைக் கேட்கிறார். நாற்பத்தாறு வயதில் வந்திருப்பது மறதிநோய்தான் என்று சட்டென்று சொல்லிவிட முடியாதாம்.

அவள் போன் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை சண்டை போட்டேன்! அவளோ உங்கள் தப்புகளைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். நான் நினைத்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வயிறு எரிகிறது. நேற்று டாக்டர், "முதல்ல யாரு கவனிச்சாங்க?" என்று கேட்டதும், பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டே அவள் பெயரைச் சொன்னீர்கள். ஒரே வீட்டில் இருந்தும் என் கண்ணில் ஏன் படவில்லை?

மாத்திரை டீவி பக்கத்தில். டீ அவளே போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று: அரைநாள் லீவு கேட்கப்போகிறேன். நான் வரும்வரை அவளை அனுப்பிவிடாதீர்கள். அந்த நோட்டில் இனிமேல் எழுதப்போவது நான்தான் என்று அவளிடம் நேரில் சொல்ல வேண்டும்.