பசை போடாத தடுப்பு

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன்.

இன்று மாலை மேல்கட்டிலில் தங்கச்சி சாய்ந்து உட்கார்ந்தபோது தடுப்புப் பலகை 'கிறீச்' என்றது. வெயில் தொடங்கியதிலிருந்தே இந்தச் சத்தம். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சந்தையில் மரத்தில் பள்ளம் எடுக்கும் அந்த மெஷினைப் பழையதாக வாங்கி வந்தீர்களே, கூட வந்த புத்தகத்தை நான்தான் படித்துச் சொன்னேன். சேர வேண்டிய இரண்டு கட்டைகளிலும் மெஷினால் ஒரே அளவில் பள்ளம் எடுக்க வேண்டும். தட்டையான மரநாக்கில் பசை தடவி, பாதியை இதிலும் பாதியை அதிலுமாகச் செருக வேண்டும். ஆணியே வேண்டாம். "டீச்சரம்மா சொல்லிட்டாங்க, செஞ்சிட வேண்டியதுதான்" என்று சிரித்தீர்கள். உங்கள் லீவு நாட்களில் முதலில் ஸ்டூல் வந்தது, பிறகு என் புத்தக அலமாரி, கடைசியாக எங்களுக்கு அடுக்குக் கட்டில்.

அப்போது மழைக்காலம். எல்லாவற்றையும் பசையில்லாமல் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட்டு, பிரித்துப் பசை போட்டோம். தடுப்பை என்னிடம் விட்டீர்கள். அதன் மூன்று நாக்குகளும் கடல்காற்றின் ஈரத்தில் உப்பிப் பள்ளத்தில் இறுகியிருந்தன. இழுத்தேன், வரவில்லை. "சீக்கிரண்டி, பசை காய்ஞ்சிடும்!" என்றீர்கள். முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெளியே தெரிந்த இடுக்கில் மட்டும் பசையைத் தடவினேன்.

"தடுப்பு ஆச்சா?"

"ஆச்சுப்பா."

விரலால் துடைத்துப் பார்த்தீர்கள். "வெளிய பிதுங்குது பாரு. உள்ள நல்லா போயிருக்கு."

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

இன்று அம்மாவிடம் தடுப்பைக் கழற்ற வேண்டும் என்றேன்.

"கை வெச்சுப் பாரு! அவரு கடைசியா செஞ்சது அது."

"அவரு சரியாத்தாம்மா செஞ்சாரு. நாந்தான் ஏமாத்திட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மேலிருந்து தங்கச்சி, "அப்ப இத்தினி நாளா என்ன வெச்சு டெஸ்ட் பண்ணியா?" என்று கத்தினாள்.

"நீ மொதல்ல எறங்குடி" என்று அம்மா அவளை அள்ளி இறக்கினார்.

பலகையின் அடியில் துணி வைத்துச் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டினேன். வெயிலில் நாக்குகள் காய்ந்து சுருங்கியிருந்ததால், இரண்டாவது தட்டிலேயே தடுப்பு கழன்று வந்தது. நாக்குகளில் ஒரு சொட்டுப் பசை இல்லை. அம்மா அவற்றைப் பார்த்தார், பிறகு என்னை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "இப்பவாவது ஒழுங்கா போடு" என்றார். பள்ளங்களுக்குள்ளும் நாக்குகளின் இருபுறமும் பசை தடவினேன். அம்மா தன் முழு எடையையும் போட்டு அழுத்த, கிளாம்பை இறுக்கினேன்.

"இனிமே தாங்குமாடி?"

'தாங்கும்' என்று வாய்வரை வந்தது. "தெர்லம்மா. காய்ஞ்சதும் மொதல்ல நான் சாஞ்சு பாக்கறேன்" என்றேன்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அப்பா. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தங்கச்சி இன்று கீழே, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் படுத்திருக்கிறாள். அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறார்.