இரண்டு சென்டிமீட்டர்

மார்ச் 11

மருஷா டீச்சர் வருடக் கடைசி வேலையைக் கொடுத்துவிட்டார். தையல் பள்ளிக்கு வரும் வழியில் கண்ணில் படும் ஏதாவது ஒன்றிலிருந்து ஓர் உடை. இருவர் இருவராக. எனக்கு ஜோடி இவோ. நான் தைப்பதை இவோ போடவேண்டும், அவன் தைப்பதை நான். வகுப்பில் ஐந்து உடைகளுக்குத்தான் வசந்த உடைக் காட்சியில் இடம். அந்த ஐந்து பேரில் ஒருவருக்குக் கோடையில் நாடக அரங்கின் உடைப் பிரிவில் பயிற்சி. இவோ முதல் வருடத்திலிருந்தே அந்த அரங்கின் பின்வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறவன். எனக்கு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினால் போதும்.

"வழியில என் கண்ணுல படுறது நீதான்டா," என்றேன்.

"அப்ப கோணலாத்தான் வரும்," என்றான். மாதத்துக்கு ஒரு வாக்கியம் பேசுபவன். மார்ச் கணக்கு முடிந்தது.

மார்ச் 13

கிடைத்துவிட்டது! டிராமில் இரண்டு பெட்டிகளை இணைக்கும் கறுப்பு மடிப்பு. திருப்பத்தில் ஒரு பக்கம் மூச்சு இழுக்கிறது, மறுபக்கம் விடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். நான் தைக்கப்போகும் கோட்டின் கைகள் அப்படி இருக்கவேண்டும்: கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் துணி விரியவேண்டும்.

இவோ பிடித்தது சந்தைக் கடையின் தார்ப்பாய். கம்பிமேல் விறைப்பாக இழுத்துக் கட்டிய பச்சைப் பாய். அவனுடையது சுருக்கமே இல்லாத உடை, என்னுடையது சுருக்கம் மட்டுமே உள்ள உடை. சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

மார்ச் 20

இரண்டு அட்டைகளை ஒரே மாதிரி மடித்து, நடுவில் துணியை வைத்துக் கட்டி, அம்மாவின் சூப் பானை ஆவியில் ஒரு மணி நேரம். மடிப்பு கத்திமாதிரி நின்றது. கை மட்டும் முழங்கையோடு நின்றுவிட்டது.

"மடிச்சுட்டு வெட்டணும். வெட்டிட்டு மடிக்கக் கூடாது," என்றார் டீச்சர். "இது மூணு மடங்கு துணி தின்னும். உன் வாய் மாதிரி."

மார்ச் 31

இவோவின் டேப் போலவே ஒரு மஞ்சள் டேப் வாங்கினேன். முதல் இரண்டு சென்டிமீட்டரை வெட்டியெடுத்து, முனைத் தகட்டைத் திரும்பப் பொருத்தினேன். அச்சு அசல். 'எதுக்கும் ஒரு அளவு வேணும்டி' என்று அம்மா சொல்வாள். அளவில்தானே விளையாடுகிறேன்! நாளை ஏப்ரல் ஒன்று.

ஏப்ரல் 1

மாற்றி வைத்தாயிற்று. என்னை அளந்தான். "இடுப்பு அறுபத்தெட்டு." நிஜத்தில் அறுபத்தாறு. சாயங்காலம் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிக்கலாம் என்று அடக்கிக்கொண்டேன். மதியமே குளிர்காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 3

முப்பத்தொன்பது டிகிரி. ராஸ்பெர்ரிச் சாறு விட்ட டீ. மறுபடியும் ராஸ்பெர்ரிச் சாறு விட்ட டீ.

ஏப்ரல் 5

டேப் ஞாபகம் வந்தது. போன் பண்ணிச் சொல்லவேண்டுமா? அளப்பதும் அதே டேப், தாளில் வரைவதும் அதே டேப். இங்கே கூடியது அங்கே குறையும். சரியாகிவிடும். தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 9

போனேன். போட்டுப் பார்க்க நான் இல்லாததால் இவோ நேராக நல்ல துணியையே வெட்டித் தைத்துவிட்டிருந்தான். பக்கவாட்டு ஜிப் மூடவில்லை. மூன்று விரல் இடைவெளி.

"ஜுரம் வந்தா இளைப்பாங்க. இவ என்னடா ஊதி வந்திருக்கா!" என்று யாரோ கத்த, வகுப்பே சிரித்தது. இவோ சிரிக்கவில்லை. "ரெண்டு தடவை அளந்தேன் டீச்சர்," என்றான். திரும்பவும் அதையே சொன்னான்.

"இவ்வளவு பெரிய தப்பு அளவுல வராது. கவனத்துலதான் வரும்," என்றார் டீச்சர். காட்சிப் பட்டியலில் என் பெயர் இருந்தது; அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வெள்ளிக்கிழமை முடிவு.

ஏப்ரல் 10

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடையை நான்கு பாகமாக வெட்டுவார்கள். அறுபத்தெட்டை நாலால் வகுத்தால் பதினேழு. அவன் டேப்பில் பதினேழு என்பது நிஜத்தில் பதினைந்து. நான்கு பதினைந்து அறுபது. ஆறு சென்டிமீட்டர் போச்சு. கழித்தலை யோசித்த நான் வகுத்தலை யோசிக்கவில்லை.

யாருக்கும் தெரியாது. அந்த டேப் இன்னும் அவன் கழுத்தில்தான் தொங்குகிறது. நைசாக மாற்றிவிட்டால்? — கையை நீட்டியேவிட்டேன்.

"என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

ஏன்டி ஒண்ணுமில்லன்னு சொன்ன? அவன் பாவம், ராத்திரி பூரா தன்னோட கையவே திட்டிக்கிட்டு இருப்பான். வாய் ஓயாம பேசுறவளுக்கு இப்ப மட்டும் என்ன கேடு?

ஏப்ரல் 11

முதல் மணிக்கு முன்பே இவோவின் கழுத்திலிருந்த டேப்பைக் கேட்டு வாங்கி, நான் ஒளித்து வைத்திருந்த அவனுடைய பழைய டேப்பையும் எடுத்து, டீச்சர் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். வகுப்பு முழுக்க இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் என் பெயரை அடித்தார். "உன் கோட் போகாது. ஆனா அவனோடத நீதான் போட்டு நடக்கணும். இவோ, சரிபண்ணிட்டா உன் இடம் உனக்கு."

இவோ தன் பழைய டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் காட்சிக்கு வரவேண்டாம் என்றேன். "நீ நடக்குறியா இல்லையா? அப்ப வருவேன்."

ஏப்ரல் 16

அதே துணி ஒரு சாண்கூட மிச்சமில்லை. சந்தைக்குப் போய்க் கடைக்கார அம்மாவிடமே கிழிந்த தார்ப்பாயில் இரண்டு பட்டை கேட்டு வாங்கி வந்து, பக்கவாட்டில் சேர்க்கிறான். மூன்று ஊசி உடைந்தது. என்னிடம் பேசுவது: "கை தூக்கு." "திரும்பு." "மூச்சு விடு."

நாளையிலிருந்து ஈஸ்டர் விடுமுறை.

ஏப்ரல் 26

பயிற்சி இவோவுக்குத்தான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காட்சி நாள், மேடைக்குப் பின்னால். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். செருப்பு மாட்டக் குனிந்தேன். சரக்! பிளாஸ்டிக் பாயில் நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி துளை துளையாகிவிடும். அந்தத் துளையோடு கிழிந்து இடுப்பு தெரிந்தது. கழற்றித் தைக்க நேரமில்லை. இவோ மண்டி போட்டு, ஊசியில் நூல் கோத்து, என்மேல் வைத்தே தைக்க ஆரம்பித்தான். இந்த முறை அகல அகலமாக.

ஒரு தையல் போட்டதும் நிறுத்தினான். போட்டிருக்கும் உடையைத் தைத்தால் புத்தியும் சேர்ந்து தைபட்டுவிடும், அப்படி ஆகாமலிருக்க வாயில் நூலைக் கடித்துக்கொள்ளவேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஒரு துண்டு நூலை அறுத்து என் பல்லுக்கு நடுவே திணித்தான்.

"நல்லாக் கடிச்சுக்கோ. இல்லாட்டி மூளையையும் சேத்துத் தைச்சிருவேன்," என்றான். அடுத்த தையலைப் போட்டுவிட்டு, "அப்படி ஒண்ணு உள்ள இருந்தா," என்றான்.

இரண்டு வாரத்தில் முதல் முழு வாக்கியம்.

மூன்று பதில்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒன்று ரொம்பவே நன்றாக இருந்தது. நான் நூலை விடவில்லை.