பால் குறைந்த தேதி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

தேர்தல் முடிவு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை, எரிந்த காயிலை மாற்றிக் கட்ட வந்த மோட்டார்கள் ஏழெட்டு அவர் ரிப்பேர் கடையில் அப்படியே கிடக்கின்றன, வீட்டில் டிவியோடு சண்டை. செவ்வாய்க்கிழமை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எங்க கட்சி தோத்துப்போச்சு, நாடு இனி உருப்படாது, இதுக்கு மருந்து வச்சிருக்கீங்களா என்றார் அப்பா. எந்தக் கட்சி என்று அந்த டாக்டர் பெண் கேட்கவேயில்லை, அதிலேயே இவருக்குக் கோபம். காய்ச்சல்னு வந்தா கட்சி கேப்போமா ஐயா, நாட்டை நினைச்சுக் கவலைப்படறது நோயில்ல, அது உங்க தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் எவ்வளவு தின்னிருக்குன்னுதான் நான் பாக்கணும் என்றது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, உயிரோட இருந்து என்னன்னு தோணுதா என்றும் கேட்டது. இல்லை என்று அவர் சொல்வதற்குள் நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எப்ப ஆரம்பிச்சுது என்று கேட்டதற்கு, முடிவு வந்த அன்னைக்கு, இருபதாம் தேதி என்றார். எனக்குச் சந்தேகம், பையிலிருந்த வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். சாயங்கால டீ வேண்டாம் என்று அவர் சொல்லி, முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டராக்கியது ஒன்பதாம் தேதி. அப்போது யாரும் ஓட்டே போடவில்லை. அதற்கு மேல் வரியில் எட்டாம் தேதி, குட்டிம்மா போன், பேச்சு சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். உங்க கட்சிக் கொடி பறக்கிற வீட்டுல என் கால் படாது என்று நீ சொல்லிப் போனை வைத்த நாள். யோசிக்காமல் இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, அந்த நோட்டை எதுக்கு எடுத்துட்டு வந்த என்றார், அவ்வளவுதான்.

உன்மேல் பழி போடவில்லை குட்டிம்மா. அவரும் அன்றைக்கு உன்னைப் படிச்ச முட்டாள் என்றார், கேட்டுக்கொண்டு சும்மா நின்றது என் தப்பு. உன் கட்சியை நீ விட வேண்டாம், அவரும் விடுகிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டு, உன் துணி துவைக்கிற மெஷின் சத்தம் போடுகிறது என்றாயே, அதை மட்டும் கேள். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே.

ஆண்டவன் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறது அந்த டாக்டர் பெண், பால் கணக்கைத்தான் முதலில் பார்க்குமாம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா