மலை தாழும் தூரம்

அல்மோரா
28.9.1955

அன்புள்ள லீமா,

வந்து சேர்ந்தேன். ரயில் காத்கோதாமோடு முடிந்துவிடுகிறது. பிறகு பஸ். நாளை முதல் கால்.

இன்று காலை விடுதிக்குப் பின்னால் உள்ள மேட்டில் நின்றேன். வடக்கே தெரிந்ததை மேகம் என்று நினைத்தேன். மேகங்கள் நகர்ந்தன. அது நகரவில்லை.

நந்தாதேவி. முழுவதும் நம் நாட்டுக்குள் நிற்கும் மலைகளில் இதைவிட உயரமானது இல்லை. மகேந்திரகிரியில் ஏறியபோது பெருமையாக இருந்தது. பொதிகையில் களைப்பு. ஆனைமுடியில் சந்தோஷம். இங்கே ஒன்றும் தோன்றவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். கோயிலுக்குள் நுழையும்போது கழற்றுவோமே, அப்படி.

உச்சிக்குப் போக எனக்குத் திராணி இல்லை. அதன் தெற்கே ஒரு பனியாறு இருக்கிறது, அதுவரை மட்டும். அடுத்த மாதக் கடைசியில் ரயில் ஏறிவிடுவேன். கலியாண ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடும்படி உன் அப்பாவிடம் சொல். கலியாணத்துக்கு இருப்பேன். விடுப்பு தந்த தலைமையாசிரியரிடமும் இதையேதான் சொன்னேன். உன்னிடம் கொஞ்சம் கூடுதல் உறுதியோடு.

ஆபேல்

———

குளச்சல்
9.10.1955

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

மதிப்புக்குரிய ஆபேல் அவர்களுக்கு லீமா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கம்பளி உடுப்பு எத்தனை வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. தொப்பி இருப்பது மட்டும் தெரிகிறது, அதையும் கழற்றிவிட்டீர்கள்.

வரும் இருபத்து மூன்றாம் தேதி முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, பனியில் மறந்துபோயிருக்குமோ என்று எழுதுகிறேன். மூன்றாம் ஓலை நவம்பர் ஆறு. அதற்குள் நீங்கள் வந்து சாமியாரிடம் ஞானப்பாடம் ஒப்பிக்க வேண்டும். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் கிடையாது.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடலில் மகேந்திரகிரி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கரை எவ்வளவு தூரம் என்று சொல்வார். நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பெண்கள் கட்டுமரத்தில் ஏறக்கூடாதே. "மலையைப் பாத்துக் கரைக்கு வருவாவ. இவன் என்னன்னா மலையைப் பாத்து மலைக்கே போறான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் கஞ்சியை மூடிவைத்துவிட்டேன்.

லீமா

———

காப்கோட்
12.10.1955

லீமா,

இதற்கு மேல் தபால் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. வழித்துணைக்கு கேசர்சிங் என்பவர் வருகிறார். அதிகம் பேசமாட்டார். எனக்கும் வசதி.

நாளெல்லாம் ஆற்றோரம் நடை. ஆறு நீலமல்ல. பால் கலந்த சாம்பல். மலையைக் கரைத்துக்கொண்டு போகிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறதே, அதுவும் என்றோ ஒரு மலைதான். சின்ன வயதில் அதில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். அறியாமல் மலை ஏறியிருக்கிறேன்.

ஆபேல்

———

குளச்சல்
24.10.1955

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

மதிப்புக்குரிய ஆபேல் அவர்களுக்கு,

நேற்று முதல் ஓலை. சாமியார் உங்கள் பெயரைச் சொன்னதும் ஆண்கள் பக்கம் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் தூணருகில் யாரும் இல்லை.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ராகேல், "ஏட்டி, மாப்பிள மலையையே கெட்டிட்டானா?" என்றாள். "ஆமா, சீதனம் நெறய குடுத்தாளாம்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். வீட்டு வாசல்வரை அந்தச் சிரித்த முகத்தையே வைத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லலாமா என்று அப்பா கேட்கிறார். நிறுத்தினால் கலியாணம் முறிந்தது என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். மலையைப் பற்றி எழுத வேண்டாம். வருகிறீர்களா, இல்லையா. ஒரு வரி.

லீமா

———

காத்தி
25.10.1955

லீமா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது காலில் இரண்டு விரல்கள் பனியில் கறுத்துவிட்டன. அல்மோராவுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். உன் முதல் கடிதத்தில் சொன்ன ஆறாம் தேதிக்குள் வர முடியாது.

தவறு என்னுடையது. பனியாற்றின் பக்கம் கேசர்சிங் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நான் தனியாக மேலே போனேன். திரும்பும் வழிக்குக் கணியம் வைத்தேன். அப்பா இருந்தபோது கடலில் கற்றுத்தந்தது, இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்து இடம் குறிப்பது. கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வேளிமலை முகடு வந்து நின்றால் கீழே மீன் கிடக்கும் பாறை. அதேபோல் ஒரு பாறைக்குப் பின்னால் ஒரு பனிமுகட்டை வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். பாறை எங்கேயோ, முகடு எங்கேயோ. புதிய முகடுகள் முளைத்திருந்தன. கடலில் மலை தொலைவில் நிற்கிறது, நம்பலாம். இங்கே நான் மலைக்குள் நின்றேன். அடிக்கு ஒரு முகம் காட்டியது. மலையேறுகிற எவனும் இந்தத் தவறைச் செய்யமாட்டான். குளச்சல்காரன் செய்வான்.

மேகம் இறங்கியது. பூட்ஸுக்குள் ஈரம். உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது மேகம் ஒரு கதவளவுக்குத் திறந்தது. உள்ளே ஒரு மலை. நந்தாதேவி இல்லை, அவள் இதற்கும் பின்னால் எங்கேயோ. பெயர் தெரியாத மலை. கழுத்தை நிமிர்த்தினேன். அது இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. வேறெங்கும் வெயில் இல்லை. அதன்மேல் மட்டும் இருந்தது. சத்தம் இல்லை. என் மூச்சுச் சத்தம் மரியாதைக் குறைவாகப் பட்டது. அடக்கிக்கொண்டேன்.

கதவு மூடியது. பிறகு கேசர்சிங் கூவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

லீமா, அந்த நேரத்தில் நான் உன்னை நினைக்கவில்லை. செபமும் வரவில்லை. சாகப்போகிறவன் வீட்டை நினைப்பான் என்பார்கள். எனக்கு வீடு இல்லை, ஊர் இல்லை. நான் இருந்தேனா என்றே தெரியவில்லை. இப்படிப்பட்டவனுக்கு நீ வாழ்க்கைப்பட வேண்டுமா?

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். எனக்குத் தெரிந்த தடை இது.

ஆபேல்

———

குளச்சல்
6.11.1955

அன்புள்ள ஆபேலுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று விடிந்ததும் சாமியாரிடம் போய் மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். கோபத்தில்தான் செய்தேன். மறைக்கவில்லை.

பூசை முடிந்தது. முன்வாசலில் ராகேல் நிற்பாள். பக்கவாசலால் இறங்கிக் கடற்கரைக்குப் போனேன். என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். பெண் ஏறினால் மீன் படாது என்றார்.

"ஞாயித்துக்கெழம யாரு மீன் பிடிக்கா?" என்றேன்.

அண்ணனைக் கூப்பிட்டார். பிறகு அவரும் அண்ணனுமாகக் கட்டுமரத்தைத் தள்ளிப் பாய் விரித்தார்கள்.

முதலில் ஆட்கள் போனார்கள். பிறகு மணல், வீடுகள். தென்னைகள் புல்லாகி, அதுவும் போனது. கோபுரத்துச் சிலுவை கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றது. பிறகு அதுவும் இல்லை. குளச்சல் முழுவதும் போய்விட்டது, ஆபேல். நான் பிறந்து, நாலுபேர் சிரிப்புக்குப் பயந்து நடந்த ஊர்.

அப்போதுதான் மலை வந்தது. கரையில் இருக்கும்போது தென்னை மறைத்துவிடுகிறது. வேளிமலைக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் நீலமாக மகேந்திரகிரி. தண்ணீரிலிருந்தே எழுந்து நிற்பதுபோல. அலை என்னைத் தூக்கினால் அது உயர்ந்தது. இறக்கினால் தாழ்ந்தது. எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. உப்புத்தண்ணீர் முகத்தில் அடித்தது. துடைக்கத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரமோ. அப்பா தோளைத் தொட்டார்.

"என்ன மக்கா, மாப்பிளய நெனச்சு அழுதியா?"

அழுதது எனக்குத் தெரியாது. உங்களை நினைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. உங்களையும் நினைக்கவில்லை, என் கோபத்தையும் நினைக்கவில்லை.

கரை வந்ததும் நனைந்த சேலையோடு சாமியாரிடம் போனேன். தடை ஒன்றுமில்லை, மாப்பிள்ளைக்குக் கால் சரியில்லை, சனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து வாசியுங்கள் என்றேன். ராகேலிடமும் சொல்லிவிட்டேன். இனி ஊரில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். விரல் போனால் போகட்டும். ஞானப்பாடத்தைப் படித்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் மலைக்குள்ளே போய்க் கணியம் வைத்ததை நினைத்து அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறும் கடலுக்குப் போகிறேன். இன்னும் தூரம், மகேந்திரகிரி இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இடம்வரை போகலாம் என்கிறார் அப்பா. எப்படி இருந்தது என்று நீங்கள் வந்ததும் சொல்கிறேன். சொல்ல வார்த்தை வராவிட்டால், நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

லீமா